நோவைத் தேடிய வைத்தியர்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் வழியே நடந்து செல்வோர், அங்குள்ள சிற்பியரின் இடக்கையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். வலக்கைச் சுத்தியல் ஓயாது வீழ்ந்துகொண்டிருக்க, இடக்கை உளியைப் பற்றியிருக்கின்றது. கல்லின் இறுக்கம், உளியின் அதிர்வு, முனை மழுங்கிய செய்தி ஆகிய யாவும் அக்கையின் வழியே சிற்பிக்குத் தெரிகின்றன. அடி சற்றே பிசகி விரலிற் பட்டுவிடின் அவர் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறார். நெடுநேரம் ஓரிடமே அழுந்தித் தோல் கன்றத் தொடங்கின், தாம் அறியாமலே பிடியை மாற்றிக்கொள்கிறார். இங்ஙனம் நாள்தோறும் நூறு முறை நோவு தம்மைக் காத்துவருவதை அவரும் எண்ணுவதில்லை; காண வந்த நாமும் எண்ணுவதில்லை.

இனி, உளியும் தணலும் மலரும் ஒன்றுபோலவே தோன்றும் கை ஒன்றை நினைத்துப் பார்ப்போமாக. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் செங்கற்பட்டை அடையலாம். அதற்கு அணித்தான திருமணி என்னும் ஊரில், லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆரோக்கியசாலை என்ற பெயருடன் ஒரு பெரிய நிலையம் முன்னாளில் நடைபெற்று வந்தது. அத்தகைய கைகளையுடையோர் பல நூற்றுவர் அங்கே வாழ்ந்தனர். 1947ஆம் ஆண்டில் ஒருநாள் அங்கு வந்த இளம் ரணவைத்தியர் ஒருவர், அக்கைகளுள் ஒன்றைப் பற்றிக் குலுக்கினார். அக்கணம் முதல் அவர்தம் வாழ்நாள் முழுதும் ஒரே வினாவைப் பின்தொடர்ந்து சென்றது. அவரே டாக்டர் பால் பிராண்டு. உடலில் அணியும் கருவிகள் நம் நாடித்துடிப்பையும் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் நொடிதோறும் அறிவிக்கும் இந்நாளில், அத்தகைய கருவி ஒன்றை அரைநூற்றாண்டுக்கு முன்னரே சமைக்க முயன்று தோல்வியுற்ற அவரது வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலம் எனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

பிராண்டு ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவரெனினும் பிறந்த இடம் நம் கொல்லிமலையே. 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு கட்டடத் தொழில் அறிந்தவர். சிறிது வைத்தியமும் பயின்றவர். தாயார் எவலின். இருவரும் மலைவாழ் மக்களிடையே வீடு கட்டியும் புண் ஆற்றியும் பள்ளி நடத்தியும் வந்தனர். சிறுவன் பால் மரமேறுவதிற் பெருவிருப்புடையவன். பாடங்களையும் மரக்கிளையில் அமர்ந்தே படித்தான் என்பர். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. தொழுநோயுற்ற மூவர் ஒருநாள் வைத்தியம் நாடி வந்தனராக, எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொட்டு மருந்திடும் தந்தையார், அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்தம் பாதங்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளைத் தொலைவில் நிற்கச் செய்தனர். அஞ்சாத தந்தை அஞ்சிய நோய் இஃது என்ற எண்ணம் அச்சிறுவனுக்கு ஆழப் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் எவ்வைத்தியம் செய்யினும் தொழுநோய் வைத்தியம் மட்டும் தமக்கு வேண்டாம் என்றே அவர் நெடுநாள் எண்ணியிருந்தார்.

ஒன்பது வயதிற் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால், தந்தையை மீண்டும் கண்டிலர். 1929இல் ஜெஸ்ஸி பிராண்டு மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் கொல்லிமலையிலேயே உயிர் நீத்தார். தாயார் மட்டும் மலையை விட்டிலர். 1974இல் தமது 95ஆம் வயதில் இறக்கும்வரை அம்மையார் தென்னாட்டு மலைச்சிற்றூர்களிலேயே தொண்டு செய்து வந்தார். அவ்வரலாறு தனியே எழுதத் தக்கது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் மருத்துவம் பயிலச் சென்றிலர். தந்தையைப்போல் கட்டடக்காரராகித் திரும்ப வேண்டுமென்று தச்சும் கல்வேலையும் சில ஆண்டுகள் கற்றார். இதனை வீணான காலமென எண்ணுவோர் உளர். நம் கருத்து அஃதன்று. மரத்தின் இழையறிந்து இழைப்புளி தள்ளவும், கல்லின் வாக்கறிந்து உளி வைக்கவும் பழகிய கையே பின்னாளில் மனிதக் கையின் நாண்களை இடம் மாற்றித் தைத்தது. எப்பொருள் எப்பொருளோடு உராயும், எது வளையும், எது முறியும் என்ற தொழிலாளி அறிவுதான் அவரைப் பிற வைத்தியரினின்றும் வேறுபடுத்தியது. 1937இல் லண்டன் யூனிவர்சிடி காலேஜ் வைத்தியசாலையிற் சேர்ந்து, உலகப் போரின் குண்டுவீச்சுக்கிடையே ரணசிகிச்சை பயின்றார். உடன்பயின்ற மார்கரெட் பெரி என்னும் மங்கையை 1943இல் மணந்தார். 1946இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைப்பிற்கிணங்கி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரணசிகிச்சைப் போதகராக வந்தமர்ந்தார்.

காக்ரேன் தோல்நோய் வல்லுநர். தொழுநோய்த் துறையில் அந்நாளில் உலகறிந்தவர். செங்கற்பட்டு ஆரோக்கியசாலையும் அவர் பார்வையிலிருந்தது. சல்போன் என்னும் புதிய மருந்தை நம் நாட்டிற் சோதித்தோருள் அவர் முன்னணியிலிருந்தவர். அவர்தாம் பிராண்டை அழைத்துச் சென்று திருமணி வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். தோட்டங்களையும் நெசவுக்கூடத்தையும் காட்டி நடந்த அவருடன் சென்ற பிராண்டின் கண்கள் நோயாளிகளின் கைகளையே நோக்கின. பருந்தின் நகம்போல் மடங்கிய கைகள், முனை தேய்ந்த கைகள், விரலற்ற கைகள். இவை ஏன் இவ்வாறாயின எனப் பிராண்டு வினவ, தாம் தோலை அறிந்தவரேயன்றி எலும்பை அறிந்தவரல்லர் என்றும், இத்தனை இலட்சம் பேரை முடமாக்கும் நோயைப் பற்றி எலும்பு வைத்தியர் ஒருவரும் ஆராய்ந்திலர் என்றும் காக்ரேன் விடையளித்தார்.

அப்போது ஓர் இளைஞர் தரையில் அமர்ந்து, மடங்கிய விரல்களால் தம் செருப்பின் வாரைக் கழற்ற மாட்டாது வருந்திக்கொண்டிருந்தார். பிராண்டு அவரை அணுகித் தம் கையை நீட்டி, இயன்ற மட்டும் இறுகப் பிடிக்குமாறு வேண்டினார். செயலற்ற கையின் மெல்லிய பற்றுதலையே அவர் எதிர்பார்த்திருந்தார். ஆனால் இரும்புப் பிடிபோல் அவ்விரல்கள் இறுகின; நகங்கள் அவர் உள்ளங்கையில் பாய்ந்தன. நோவு பொறாது அவர் விடுமாறு கூவ, அவ்விளைஞரோ தாம் செய்த துன்பம் இன்னதென அறியாது விழித்தார்.

அந்த ஒரு நொடியில் இரண்டு செய்திகள் பிராண்டுக்குப் புலனாயின. இக்கை செத்த கையன்று. விரலை மடக்கும் முன்கைத் தசைகள் வலிவுடன் இருக்கின்றன. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகளே செயலற்றன. ஆகவே திருத்தற்கு இடமுண்டு. மற்றொன்று, இக்கையுடையவருக்குத் தம் வலிமையின் அளவு தெரியவில்லை. முதற்செய்தி பிராண்டுக்குப் புகழைத் தந்தது. இரண்டாவது செய்தியின் முழுப்பொருளை உணர அவருக்குப் பல்லாண்டுகள் ஆயின.

முதலிற் கையைத் திருத்தும் வேலை. செங்கற்பட்டு நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எத்தசை செயலற்றது, எத்தசை பிழைத்தது எனப் பிராண்டும் அவர் துணைவரும் குறித்து வந்தனர். சிதைவு தாறுமாறாக வருவதில்லை, ஓர் ஒழுங்குடன் வருகின்றது என்பது தெளிவாயிற்று. காரணம் அறிய வேண்டின் நரம்பைக் காண வேண்டும். நரம்பைக் காண வேண்டின் இறந்தோர் உடலைச் சோதிக்க வேண்டும். நெடுநாட் காத்திருந்த பின், செங்கற்பட்டில் ஒருவர் இறந்த செய்தி வரவே, பிராண்டு இரவோடிரவாக விரைந்து சென்று விளக்கொளியிற் சோதனை நடத்தினார். நரம்புகள் எங்கும் ஒரே சீராகக் கெடவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களை அடுத்து, தோலுக்கு அருகே நரம்பு ஓடும் பகுதிகளில் மட்டுமே அது கயிறுபோல் வீங்கியிருந்தது. முழங்கையின் பின்புறத்தை எங்கேனும் இடித்துக்கொண்டால் மின்னல் பாய்வதுபோல் கூசுகின்றதன்றோ? அந்நரம்பே முதலிற் கெடுவது. நோய்க்கிருமி உடலின் குளிர்ந்த இடங்களையே நாடுகின்றது என்னும் உண்மை இதனால் விளங்கியது. பின்னர் 1960இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஷெப்பர்டு சுண்டெலியின் குளிர்ந்த உள்ளங்காலில் அக்கிருமியை வளர்த்துக் காட்டியது இதற்கு அரண் செய்தது. முன்கைத் தசைகள் உள்ளே வெப்பத்திற் பொதிந்திருப்பதால் அவற்றை இயக்கும் நரம்புக்கிளைகள் தப்பிவிடுகின்றன. தப்பியதைக் கொண்டு கெட்டதை ஈடு செய்யலாம் என்பதே பிராண்டின் துணிபு.

வேலூரில் ஒரு கிடங்கறையே அவருக்குக் கிடைத்தது; தொழுநோயாளரைப் பொது வைத்தியசாலையிற் சேர்க்க அக்காலத்தில் எவரும் இசையார். 1948இல் முதற்சிகிச்சை நடந்தது. வலிவுள்ள தசையொன்றின் நாணை அவிழ்த்து, உள்ளங்கையூடே புதுவழியிற் செலுத்தி, விரல்களின் பக்கத்தே தைத்தல் இம்முறையின் சாரம். பின்னாளில் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையோடு, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாண் ஒன்றைப் பிணைத்து, அதனை நான்கு கிளையாகப் பிளந்து நான்கு விரலுக்கும் ஈந்தார். காலில் அந்நாண் இல்லாமலும் நடக்க இயலும்; இயற்கை வைத்த உபரிப் பொருள் அது. உடலுக்குள் வைக்கும் செயற்கைப் பொருள்களைப் பற்றி இன்று நூல்கள் பல எழுதப்படுகின்றன. உடல் வெறுத்துத் தள்ளாத பொருள் எது என்னும் கேள்விக்கு, அவ்வுடலிலேயே எடுத்த நாண் என்று விடை கண்டவர் பிராண்டு. சிகிச்சைக்குப்பின் நோயாளி மனத்தைப் பழக்க வேண்டும். முன்பு ஒரு தொழில் செய்த தசை இப்போது வேறு தொழில் செய்கின்றது. அதனை மூளை கற்றுக்கொள்ளும்வரை பல வாரப் பயிற்சி.

இதன்கண் எதிர்பாராத துன்பம் ஒன்று நேர்ந்தது. கை திருந்திச் சென்றவர் சிலர் மீண்டும் வந்து, இக்கையைக் கண்டு எவரும் பிச்சை இடுவதில்லை என்று முறையிட்டனர். நோயின் பெயரால் வேலை தருவாரும் இலர். அதனாலேயே நவஜீவன நிலையம் என்ற சிறு குடியிருப்பை மண்சுவர்க் குடில்களாக அமைத்து, மரப்பொம்மை செய்யும் தொழிலைப் பிராண்டு தாமே கற்பித்தார். லண்டனில் கற்ற தச்சு இங்ஙனம் வேலூரிற் பயன்பட்டது.

அந்நிலையத்திலேதான் இரண்டாவது செய்தி முழு உருவில் வெளிப்பட்டது. திருத்திய கைகளில் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பது அந்நாளைய நம்பிக்கை. படித்தோரிடையேயும் அஃது இன்னும் ஒழிந்தபாடில்லை. பிராண்டு அதனை ஏற்றிலர். ஒவ்வொரு புண்ணையும் வழக்கறிஞர் சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரித்தார். துருவேறிய பூட்டு ஒன்று திறவாதிருக்க, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை எளிதில் திருப்பிவிட்டான், பார்த்தால் சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது, அவன் அறியவில்லை. முதியவர் ஒருவர் அடுப்புத் தணலில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். இரவிற் படுத்தவர் காலையில் எழுந்தபோது விரல்முனை காணாமற்போன விந்தை மட்டும் விளங்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து காவல் செய்ததில், எலி வந்து உணர்வற்ற விரலைக் கடித்துத் தின்பது தெரிந்தது. அதன்பின் நிலையத்தை விட்டுச் செல்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. வைத்திய நூல்களில் பூனையை மருந்தாக எழுதிய இடம் வேறு உண்டோ, அறியோம்.

இவ்வாறு, விரலைத் தின்றது நோயன்று, நோவின்மையே என்பது நிலைபெற்றது. கிருமி நரம்பைக் கெடுத்துவிட்டுப் போய்விடுகின்றது. பின்னர் உடைமையாளரே தம் உடலை அறியாது அழித்துக்கொள்கின்றார். கண்ணிலும் இதுவே நிகழ்கின்றது. விழி உலர்ந்தால் நமக்கு உறுத்துகின்றது, இமைக்கிறோம். உறுத்தல் அற்றவர் இமைப்பதை மறந்து குருடராகின்றனர். இத்துறையைக் கண் வைத்தியராகிய மார்கரெட் அம்மையார் தமதாக்கிக்கொண்டு புகழெய்தினார்.

பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. அமெரிக்கப் பயணம் முடித்து லண்டன் திரும்பிய இரவொன்றில், களைப்புடன் காலுறையைக் கழற்றியவர் தம் குதிகாலில் உணர்வில்லாமை கண்டு திடுக்கிட்டார். ஊசியாற் குத்தினார், நோவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டது எனத் துணிந்து, மனைவி மக்களை நினைந்து அவ்விரவைக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், சுருக்கென வலித்தது. நெடுநேரம் இரயிலில் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பொன்று மரத்துப்போயிருந்ததே காரணம். அன்று அவர் மகிழ்ந்ததுபோல ஊசிக்குத்துக்கு மகிழ்ந்தவர் உலகில் அரியர்.

கையைக் காட்டிலும் பாதம் அவரை மிகுதியும் வருத்தியது. சித்திரை வெயிலில் மாமல்லபுரத்துக் கடல்மணலில் வெறுங்காலுடன் பத்தடி நடந்தவர், நோவு எத்துணை விரைவாக ஆணையிடும் என்பதை அறிவர். உணர்வற்ற பாதம் மணலிலும் முள்ளிலும் ஒன்றுபோல் நடக்கும். உள்ளங்காலில் ஏற்படும் புண்ணுக்குப் பிராண்டு கண்ட முதல் மருந்து ஓய்வு. ஓய்வாக இரு என்று நோவு சொல்லாத ஒருவரை யார் படுக்க வைப்பது? ஆகவே காலைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டு இறுகப் பொருந்துமாறு போட்டார். பாரம் பாதம் முழுதும் பரவிப் புண் ஆறியது. இம்முறையை இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் என்னும் கொழும்பு ரணவைத்தியர் 1930களிலேயே கையாண்டிருந்தார் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத் தக்கது.

ஆறிய புண் மீண்டும் வராதிருக்கக் காலணி வேண்டும். தோற்செருப்புக் கடினமானது, ஆணி குத்தும். மெத்தென்ற பஞ்சோ சில நாளில் நசுங்கித் தட்டையாகும். அழுத்தினால் நெகிழவும், விட்டதும் நிமிரவும், ஓராண்டேனும் உழைக்கவும், ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கவும் வேண்டும். மெழுகும் பிளாஸ்டரும் பலவகைச் செயற்கைப் பிசின்களும் சோதித்த பின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் இதற்கு ஏற்றதெனக் கண்டனர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் எழுந்த ஷீபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இவ்வேலைக்கு இருப்பிடமாயிற்று. அங்கே ரப்பர்த் தகடுகளைத் தாமே செய்து செருப்புத் தைத்துக் கொடுத்தனர். அதே 1955இல் செங்கற்பட்டு ஆரோக்கியசாலையையும் மத்திய அரசு மேற்கொண்டு, தொழுநோய்ப் போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய மத்திய நிலையமாக ஆக்கியது.

பட்டங்களையும் பரிசுகளையும் விரைந்து கூறிக் கடப்போம். 1952இல் இங்கிலாந்து ரணவைத்தியக் கழகத்தின் ஹன்டேரியன் சொற்பொழிவு. 1960இல் லாஸ்கர் பரிசு. 1961இல் பிரிட்டிஷ் அரசின் விருது. 1966இல் அமெரிக்காவின் லூயிசியானா நாட்டில் கார்வில் என்னும் ஊரிலிருந்த தேசியத் தொழுநோய் வைத்தியசாலைக்கு அவர் சென்றார். செங்கற்பட்டிற் பிறந்த வினாவை அங்கே பொருள்வளத்துடன் ஆராய இடம் கிடைத்தது. இனி நாம் கூறப்போவதே அவர் வாழ்வில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி.

முதலில் அழுத்தத்தைக் கண்ணாற் காணும் வழியைத் தேடினர். சாயம் அடைத்த மிக நுண்ணிய குமிழ்கள் பொதிந்த காலுறை ஒன்றைச் செய்தனர். நடக்கும்போது எங்கே அழுத்தம் மிகுகின்றதோ அங்கே குமிழ்கள் உடைந்து சாயம் கசியும். காலுறையைக் கழற்றிப் பார்த்தால் எவ்விடம் புண்ணாகப் போகின்றது என்பது வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். அடுத்து, மரப்பூட்டிய எலியின் உள்ளங்காலை ஒரு பொறியால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை மெல்ல அழுத்திச் சோதித்தனர். ஒருமுறை அழுத்துவதால் யாதொரு தீங்கும் இல்லாத அந்த மெல்லிய அழுத்தமே, திரும்பத் திரும்ப வரவும் சில நாளில் தோலைப் புண்ணாக்கியது. நலமுள்ளவன் நெடுவழி நடக்கையில் தன் நடையைச் சற்றே மாற்றிக்கொண்டே செல்கின்றான். குதியினின்று விளிம்புக்கும், விளிம்பினின்று விரலுக்கும் பாரம் மாறுகின்றது. உணர்வற்றவனோ முதலடி வைத்தவாறே பதினாயிரமாவது அடியும் வைக்கின்றான்.

இதன்பின் அவர் துணிந்த காரியம் பெரிது. இழந்த நோவைக் கருவியால் ஈடு செய்வது எனத் திட்டமிட்டு அரசினரிடம் பொருளுதவி பெற்றார். லூயிசியானாப் பல்கலைக்கழகத்து மின்பொறியாளர் சிலர் உடன் சேர்ந்தனர். அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் மெல்லிய உணரிகளைக் கையுறையின் விரல்முனைகளிலும் காலுறையின் அடியிலும் பொருத்தினர். அழுத்தம் எல்லை கடந்ததும், செவிடர் அணியும் கருவி போன்ற ஒன்று காதில் ஒலி எழுப்பும். இன்று நாம் அணியுணரி என வழங்கும் கருவியின் முன்னோடிகளுள் இஃதொன்று எனலாம்.

இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உணரி ஒன்றின் விலை அக்காலத்திற் சுமார் 450 டாலர். ஒரு கைக்கே பல வேண்டும். வியர்வையில் உலோகம் அரித்தது. வளைந்து நிமிர்ந்து முறிந்தது. நம் தோலோ நாள் முழுதும் வளைந்தும் நனைந்தும் உராய்ந்தும், தன் பழுதைத் தானே செப்பனிட்டுக்கொள்கின்றது. அன்றியும் தோலின் உணர்வு ஒரே அளவினதன்று. கன்றிய விரலில் இலேசாகப் பட்டாலும் நோகும். அடிபட்ட இடத்தைக் காக்கவேண்டி உடல் தன் எல்லையைத் தானே குறைத்துக்கொள்கின்றது. இரும்பு உணரிக்கு அந்நுட்பம் எங்கிருந்து வரும்? இவையெல்லாம் பொறியாளர் தீர்க்கக்கூடியவை என்றே பிராண்டும் நம்பினார்.

தீராதது ஒன்று இருந்தது. காதில் ஒலி கேட்டும் நோயாளிகள் செய்துகொண்டிருந்த வேலையை விடவில்லை. ஒலிக்குப் பதில் ஒளி காட்டினர், அதையும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் அறிவிலிகள் அல்லர். கருவியின் நோக்கத்தை நன்கு உணர்ந்து தாமே முன்வந்தவர்கள். எனினும், ஆபத்து என்ற செய்தி வேறு, ஆபத்தின் வேதனை வேறு. முடிவாக, உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைத்தனர். இப்போது கை தானே விலகியது. ஆனால் திருகாணி ஒன்றை எவ்வாறேனும் திருகி முடிக்க வேண்டுமென்று விரும்பியவர், முதலிற் கருவியின் பொத்தானை அணைத்துவிட்டுத் திருகினார்; வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கினார். அணைக்க முடிந்த நோவு நோவாகாது என்பதைப் பிராண்டு அன்று கண்டார். ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்த பின் அம்முயற்சியைக் கைவிட்டார்.

தோல்வியை மறைத்து வெற்றியை மட்டும் எழுதுவது வரலாற்றாசிரியர் பலர்க்கும் வழக்கம். பிராண்டு அங்ஙனம் செய்திலர். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே, 1993இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதி வைத்தார். நம் விஞ்ஞான மாணவர்க்கு அவ்வதிகாரம் நூறு வெற்றிகளினும் பயனுடையது என்பது நம் துணிபு. கருவி பிழையாக அளந்ததால் அம்முயற்சி வீழவில்லை. சரியாக அளந்தும் வீழ்ந்தது.

அதன்பின் உணரித்தொழில் பெரிதும் மாறிவிட்டது. உலோகத் தகடு போய், தோல்போல் வளையும் சிலிக்கோனும், நீரை ஏந்தி நிற்கும் மென்கூழ்ப் பொருள்களும், அழுத்தினால் மின்தடை மாறும் இழைகளும் வந்துள்ளன. 2019இல் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நீரிழிவால் பாத உணர்வு இழந்து, முன்பு புண்ணும் கண்டவர்களுக்கு உணரி பொதிந்த காலணித் தகடு அளித்தனர். ஒரு கணத்து அடியை அன்றி, நீடித்து நிற்கும் அழுத்தத்தைக் கணக்கிட்டு, எழுந்து நடக்குமாறோ காலை மாற்றி வைக்குமாறோ கைக்கடிகாரத்தின் வழியே அது எச்சரித்தது. எச்சரிக்கை பெற்றவரிடையே புண்கள் 71 விழுக்காடு குறைந்தன. சோதனை சிறிதெனினும் பிராண்டின் கனவு முற்றிலும் வீண்போகவில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும், நாள்தோறும் நெடுநேரம் தவறாது அணிந்தவரே மிக்க பயனடைந்தனர் என்பதும் அச்சோதனையிலேயே காணப்பட்டது. பொத்தான் இன்னும் நோயாளியின் கையிலேதான் இருக்கின்றது.

நீரிழிவு என்றோம். நம் நாட்டில் அந்நோயுடையோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என 2023இல் வெளிவந்த கணக்கெடுப்புக் கூறுகின்றது. தொழுநோய்க்குக் கூட்டுமருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் வகுத்தபின் அந்நோய் மிகக் குறைந்தது. எனினும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர். தொழுநோயாளரின் பாதத்தில் கற்ற பாடம் நீரிழிவாளரின் பாதத்துக்கு அப்படியே பொருந்தும் என்பதைக் கார்வில்லில் இருந்தபோதே பிராண்டு கண்டுகொண்டார். பிளாஸ்டர்க் கட்டும் நுண்ணறைக் காலணியும் அவர் வழியாக அந்நோயாளர்க்கும் சென்றன. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் நீரிழிவாளர் பாதத்துக்கேற்ற காலணிகளை வகுத்தது. உயர்ந்த கருவி தோற்ற இடத்தில் மலிந்த ரப்பர் வென்றதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே உண்டாகின்றது. ரப்பர் எதையும் அறிவிப்பதில்லை; அணிந்தவர் கேளாதிருப்பினும் தன் வேலையைச் செய்கின்றது. கல்வேலை கற்றவர் அதனை முன்பே ஒருவாறு அறிந்திருப்பார் போலும்.

1986இல் பணியினின்றும் ஓய்வுபெற்ற பிராண்டு சியாட்டில் நகரிற் குடியேறி, 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் தமது 88ஆம் வயதிற் காலமானார்.

கார்வில்லில் அவர் துணைவர் செய்த சோதனைகளினின்றும் எளிய பொருள் ஒன்று உலகெங்கும் பரவியது. அஃது ஒரு கைப்பிடியிற் செருகிய நைலான் இழை. பத்துக் கிராம் எடையளவு அழுத்தினால் அது வளையும். அவ்வளவை உணரும் பாதம் தன்னைத் தான் காத்துக்கொள்ளும். உணராத பாதத்தைப் பிறர் காக்க வேண்டும். மின்சாரமும் வேண்டா, ஒலியும் வேண்டா. நீரிழிவுச் சிகிச்சை நடக்கும் இடங்களில் இன்று இவ்விழையைக் காணலாம். நோயாளி கண்களை மூடிக்கொள்ள, பாதத்தின் பல இடங்களில் அதனை ஒவ்வொன்றாக வைத்து அழுத்துகின்றனர். பட்டதும் சொல்லும்படி முன்னரே கூறியிருப்பர். இழை வில்லாக வளைந்த பின்னும் அவர் வாய் திறவாது காத்திருப்பாராயின், காகிதத்தில் அவர் பாதத்தை வைத்துக் காலணிக்கு அளவெடுக்கின்றனர்.